மூத்த மருமகள் குலை தள்ளிய வருஷம்

தென்மடையில் ஒரு வாழைமரத்துக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஐகோர்ட்துரை, பெண் அவனுடைய வயலில் வாய்க்கால் கரையை ஒட்டி நின்ற ஒரு கோழிக்கூடு வாழை. பந்தலும் உண்டு, மேளமும் உண்டு, பாயசமும் உண்டு, அந்தப் பாயசத்தை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தவள் நான். ஆகவே அந்த மரம் ஊரை எப்படி எழுப்பி நடமாட வைத்தது என்பதையும், அதே மரத்தால் பிரம்மசக்தி என்கிற பிள்ளையின் உசிர் தொண்டைக்குழி வரைக்கும் வந்து நின்றதையும் சொல்ல எனக்கு இல்லாத உரிமை வேற யாருக்கும் கிடையாது.

ஐகோர்ட்துரைக்குப் பேர்தான் ஐகோர்ட், குலசாமி பேரு அது, வாயைத் திறந்து ஒரு தீர்ப்பு வராது. அம்மா சொன்னால் அம்மா பக்கம், மாமன் சொன்னால் மாமன் பக்கம், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவான். அவன் ஜாதகத்தில் ரெண்டு தாரம் என்றும் முதல் தாரம் தங்காது என்றும் இருந்தது. அதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் தாலியை ஒரு வாழைக்குக் கட்டி, கட்டின கையோடு அதை வெட்டிச் சாய்த்து, ஆற்றில் தலை முழுகிவிட்டு வந்தால், போக வேண்டிய முதல் தாரம் போய்விட்டாள், அப்புறம் கட்டுகிறவள் ரெண்டாம் தாரம், அவளுக்கு ஆயுசு கெட்டி. பிரம்மசக்தி வீட்டுக்காரர்கள் அதைக் கேட்ட பிறகுதான் பொண்ணு கொடுக்கச் சம்மதித்தார்கள், எந்தத் தகப்பன்தான் சம்மதிப்பான் இல்லாவிட்டால்.

தாலி ஏறியது, மூணாவது முடிச்சு விழுந்தது, விழுந்த அந்த நொடியில் மரம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உச்சியைப் பிளந்து குலை தள்ளிவிட்டது. அதுவரைக்கும் குலை வருவதற்கான ஒரு அடையாளமும் அதில் இல்லை. சிவப்பாக, கூம்பாக, பூ வெளியே வந்து தலை குனிந்து நின்றது, மேளக்காரர்கூட ஒரு நிமிஷம் கையை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை அரிவாளை ஓங்கினவன் ஓங்கினபடியே நின்றான்.

"வெட்டுல," என்றார் ஜோசியர்.

"குலை தள்ளிட்டாளே," என்றான் ஐகோர்ட்துரை. "பிள்ளத்தாச்சிய எப்படி வெட்டுவேன்?"

பிறந்ததிலிருந்து வாழைக்குள் வளர்ந்தவன், குலை தள்ளின மரத்தில் அரிவாள் படக்கூடாது என்பது அவன் ரத்தத்தில் ஊறினது. அங்கே நின்ற ஒரு ஆம்பிளையும் வெட்டு என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள், எல்லாரும் வாழைக்காரர்கள். ஜோசியருக்கு அடுத்த ஊரில் வேறு சோலி இருந்தது. அவர் யோசித்துவிட்டு, தார் முத்தினதும் எப்படியும் மரத்தை வெட்டத்தானே போகிறீர்கள், கொஞ்சம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதானே, தோஷம் காத்திருக்கும் என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டார். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, எனக்கும்தான், அதில் என்ன பொய். மரம் கழுத்தில் மஞ்சக்கயிற்றோடு நின்றது, அடுத்த முகூர்த்தத்தில் பிரம்மசக்தி கழுத்தில் மஞ்சக்கயிற்றோடு அந்த வீட்டுக்குள் வலது காலை வைத்தாள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பேரு வெயிலுகந்தாள், ஊருக்கு நர்ஸக்கா, துணை சுகாதார நிலையத்தில் ஊசி போடுகிறவள், பிரஷர் பார்க்கிறவள், பிள்ளைத்தாச்சிகளுக்குப் பின்னாலேயே மாத்திரையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள். தென்மடையைச் சுற்றிக் கண்ணுக்கெட்டின தூரம் வாழைதான், ஆனால் இந்த ஊர்க்காரன் ஒருத்தனும் வாழைப்பழம் தின்ன மாட்டான். நல்ல தார் எல்லாம் லாரியேறி மண்டிக்குப் போகும், இவன் டீக்கடையில் நின்று பப்ஸ் தின்பான். ஏல, அதுல பொட்டாசியம் இருக்கு, பிரஷருக்கு நல்லது, நார்ச்சத்து இருக்கு, காலையில கக்கூசுல உக்காந்து முக்க வேண்டாம், கெண்டக்காலு இழுக்காது, மசக்கைக்காரி சோர்ந்து கெடந்தா ஒரு பழம் தின்னா தெம்பா எந்திரிப்பா, சுகர் இருக்கவன் பாதியோட நிறுத்து, கிட்னிக் கோளாறு இருக்கவன் டாக்டர்ட்ட கேட்டுட்டுத் தின்னு — இதை நான் வீடு வீடாகப் போய்க் கத்தாத நாள் கிடையாது. "நர்ஸக்காவுக்கு மண்டியில கமிஷன் போல," என்று என்னைக் கேலி பேசினார்கள் எடுபட்ட பயலுவ.

அப்படிப்பட்ட ஊர்தான் ஒரு பழத்துக்கு வரிசையில் நின்றது.

முதல் தார் முத்தினது. ஐகோர்ட்துரை தாரை வெட்டி வீட்டில் தொங்கவிட்டான், பழுத்தது, முதல் பழத்தை அவன் அம்மா அன்னபாக்கியம் தின்றாள். அவள் பிரஷர் மாத்திரையை மாட்டுத் தொட்டியில் போட்டுவிட்டு என்னிடம் தின்றேன் என்று சொல்லிச் சொல்லியே ஒரு நாள் விழுந்தவள். இடுப்புக்குக் கீழே ரெண்டு காலும் போய், கட்டிலோடு கிடந்தாள். புதுப்பெண்ணாக வந்த பிரம்மசக்திதான் அவளுக்கு மூத்திரச் சட்டி எடுத்தாள், மேல் துடைத்துவிட்டாள், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அந்த அன்னபாக்கியம் பழத்தைத் தின்று, தோலைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலை விட்டு இறங்கி, அடுப்படிக்கு நடந்து போய், "எவட்டி சீரக டப்பாவைத் தெறந்து போட்டது?" என்று கேட்டாள்.

நான் ஓடிப்போய் பிரஷர் பார்த்தேன், இருவது வயசுக்காரி பிரஷர்.

அன்றைக்குச் சாயங்காலமே, சொன்ன சொல் தவறாதவனாக, ஐகோர்ட்துரை அரிவாளோடு மரத்தை வெட்டப் போனான்; போனால், மரம் மறுபடியும் குலை தள்ளி நிற்கிறது. ஒரு வாழை ஒரு தடவைதான் குலை தள்ளும், தள்ளிவிட்டால் அதன் காலம் முடிந்தது, பக்கத்தில் நிற்கிற கன்றுக்கு இடம் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான், அதுதான் அதன் தர்மம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவள் போகவில்லை. கழுத்துக் கயிறு அப்படியே இருக்க, வெட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே புதுசாகப் பூ தொங்கியது, அவன் அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டான்.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது. எல்லாத்துக்கும் பழகிக்கொள்கிற ஊர்தானே இது. ஆற்றில் வெள்ளம் வந்தால் பழகும், லைன் பஸ் நின்றால் பழகும், செத்துப்போக வேண்டிய வாழை சாகாமல் குலை குலையாகத் தள்ளினால் அதுக்கும் பழகும். பஞ்சாயத்துத் தலைவர் தவசிக்கனி பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறவர், ஒரு பழம் தின்றுவிட்டு ஆற்றுப்பாலம் வரைக்கும் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் மச்சில் நடந்துகொண்டிருந்த வாத்தியார் பள்ளிக்கூடத்திலேயே தூங்கினார். வயசுக்கு வந்தும் சோகை பிடித்து வெளுத்திருந்த பெண் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் ரத்தம் வந்தது. மலச்சிக்கல் என்ற வார்த்தையே ஊரில் இல்லாமல் போச்சு, அதைப் பற்றி ஆண்பிள்ளைகள் டீக்கடையில் கூச்சமில்லாமல் பெருமை பேசினார்கள், கேட்க முடியாது. தவசிக்கனி தலைமையில் ஒரு கமிட்டி வந்தது, பெரியாளுக்கு அரைப் பழம், நோயாளிக்கு முழுப் பழம், தோல் பால் மாட்டுக்கு என்று சட்டம் வந்தது, வயலைச் சுற்றி வேலி வந்தது, காவலுக்கு முறை வைத்தார்கள். யாரும் அதை மரம் என்று சொல்லவில்லை. தாலி கட்டினவள்தானே; மூத்தவள் என்றார்கள், ஊருக்கே மூத்த மருமகள் என்றார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் பெண்கள் போய் அவளுக்கு மஞ்சள் பூசினார்கள், பொங்கலுக்கு அன்னபாக்கியம் புதுச்சேலை எடுத்துச் சுற்றினாள், வீட்டில் சோறு வடித்தால் முதல் கரண்டி மூத்தவளுக்குப் போனது, அப்புறம்தான் இளையவளுக்கு.

மற்ற வாழைகளில் பழம் பழுத்துத் தொங்கியது, அதை அப்போதும் ஒருத்தரும் தொடவில்லை. "ஏல, இதுலயும் அதே சத்துதாம்ல இருக்கு, மெதுவா வேலை செய்யும், தின்னுங்கல," என்று சொன்னால், நான் அவர்கள் சாமியைக் குறை சொன்ன மாதிரிப் பார்த்தார்கள்.

இளையவள் அதற்குள் முழுகாமல் இருந்தாள். ஊரே சிவந்துகொண்டு வருகிறது, இவள் ஒருத்தி மட்டும் வெளுத்துக்கொண்டே போகிறாள். இரும்புச்சத்து மாத்திரையை என் கண் முன்னால் முழுங்க வைத்தேன், முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஈரலை வாங்கிக் கொடுத்து ஐகோர்ட்துரையையே சமைக்க வைத்தேன். மூத்தவளின் பழத்தைக் கொடுத்தால், வாயில் வைத்ததும் துப்பினாள்; வாழைப்பட்டையைக் கடித்த மாதிரித் துவர்க்கிறது என்றாள். ஒரு நாள் விரலில் ஊசியால் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்தேன். தண்ணீர் வந்தது. தெளிந்த தண்ணீர், பஞ்சில் ஒற்றினதும் பழுப்பாக மாறியது, வாழைக் கறை; வயலுக்குப் போகிற எல்லார் துணியிலும் இருக்கிற கறைதான், எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது. நான் பஞ்சைப் பொத்தி வைத்துக்கொண்டேன்.

"மூத்தவ இன்னிக்குத் தள்ளிட்டாளா அக்கா?" என்று கேட்டாள் பிரம்மசக்தி.

"உனக்கு எப்படிட்டி தெரியும்? நீதான் வீட்டை விட்டு வெளியவே வரலியே."

"தெரியும். அவ தள்ளுத அன்னிக்கு என் இடுப்புக்குள்ள இருந்து எதையோ உருவுத மாதிரி இருக்கும்," என்றாள், ஊறுகாய் கேட்கிற குரலில்.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா தங்கமான பொம்பள, திட்டிக்கொண்டே ரத்தம் ஏற்றினார், மூன்று நாள் வைத்துப் பார்த்தார், கன்னம் சிவந்து வீட்டுக்கு வந்தாள். வந்த வாரமே மூத்தவள் அடுத்த குலையைத் தள்ளினாள், ஏற்றின ரத்தம் அத்தனையும் போன இடம் தெரியவில்லை. இந்த ஊரிலேயே இருக்க வேண்டாம் என்று ஆற்றுக்கு அக்கரையில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தோம். மூத்தவளுக்கு ஆறு ஒரு பொருட்டாக இல்லை, அங்கேயும் வெளுத்தாள், திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். குலைக்குக் குலை இடைவெளி குறுகிக்கொண்டே வந்தது, காய் முத்துவதும் பழுப்பதும் வேகமாகிக்கொண்டே வந்தது, மூத்தவளுக்கு நம்ம மேல எவ்வளவு பாசம் என்று ஊர் பூரித்துப் போனது. நான் பிரம்மசக்தி வயிற்றில் காதை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்பேன். கேட்டுவிட்டு, அது கேட்காமல் போகப்போகிற நாளை நினைத்து மறுபடியும் காதை வைப்பேன்.

மரத்தை வெட்ட வேண்டும், வேறு வழி இல்லை. பிள்ளை பிறக்கிற சமயத்தில் ஒரு குலை வந்ததென்றால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை. இதை நான் கமிட்டியைக் கூட்டச் சொல்லி, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் வைத்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

தவசிக்கனி பொறுமையாகத்தான் பேசினார். "நர்ஸம்மா, வாழைப்பழம் தின்னுங்க, வாழைப்பழம் தின்னுங்கன்னு இத்தன வருசமா எங்க உசிர வாங்குனது யாரு? இப்பம் தின்னுதோம். ஊருல ஒரு ஆளு ஆஸ்பத்திரிக்குப் போவல. இப்பம் வந்து மரத்தை வெட்டுங்கிய. நாங்க எல்லாரும் மறுபடியும் விழணுமா?"

கூட்டத்தில் ஒருத்தி தன் மகளை இடுப்பில் தூக்கிக் காட்டினாள். நெஞ்சு படபடவென்று அடித்து நீலம் பாரித்துப் போகிற பிள்ளை, மூத்தவளின் பழம் தின்ன ஆரம்பித்ததிலிருந்து ஓடி விளையாடுகிறது. "இவளுக்கு என்ன பதில் சொல்லுதிய?" என்று கேட்டாள். அவளை என்னால் வைய முடியவில்லை. ஒரு தாய் வேற என்ன கேட்பாள்.

எல்லாரும் ஐகோர்ட்துரையைப் பார்த்தார்கள். புருஷன் அவன், ரெண்டு பேருக்கும் புருஷன். அவன் எழுந்தான், வாயைத் திறந்தான், உதடு துடித்தது, "மடையில தண்ணி பாயுது, அடைச்சிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனை அந்த இடத்திலேயே செருப்பால் அடித்திருப்பேன், பிரம்மசக்தி என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காவிட்டால்.

"என்னைய விடுங்க," என்றாள் அவள், ரெண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு. "அவளைப் போய்ப் பாத்தியளா யாராவது? ஒரு வாழை ஒரு தடவைதான் பெறும். அவளை எத்தனை தடவை பெற வெச்சிட்டிய? பெத்த உடம்புக்கு ஒரு ஓய்வு உண்டா? பட்டையெல்லாம் சுருங்கிப் போச்சு, உள்ள ஒண்ணும் இல்ல, முட்டுக் கொடுத்து நிப்பாட்டி வெச்சிருக்கிய. அவ கிட்ட தெம்பு இல்லாமத்தான் எங்கிட்ட எடுக்கா. வேற யாருட்ட கேப்பா? அவ மேல எனக்குக் கோவமே கிடையாது. உங்க மேலதான்."

எல்லாரும் கலைந்து போனார்கள். அன்றைக்கே வேலியில் இன்னொரு வரிசை முள் வைத்தார்கள், அந்த வயல் வரப்பில் எந்த அரிவாளும் இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். நான் மறுநாள் கத்தியை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனேன். காவலுக்கு நின்றவர்கள் மரியாதையாகவே வழி மறித்தார்கள். "நர்ஸக்கா, இது எங்க ஊரு மருமவ. நீங்க அவளுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்கள். என்ன உறவு என்று சொல்வேன், ஒரு உறவும் கிடையாது.

அன்னபாக்கியத்திடம் போய்ச் சண்டை போட்டேன். அவள் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தாள்; கால் வந்ததிலிருந்து அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை, கோழியை விரட்ட நடப்பாள், கடைக்கு நடப்பாள், ஒரு காரியமும் இல்லாமல் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்புவாள்.

"உம் மருமவ சாவுதா, பாத்துட்டு நடந்துட்டுத் திரிய. நீ மனுசியா?"

"ஏட்டி வெயிலு," என்றாள், நடையை நிறுத்தாமல். "நீ கட்டில்ல கெடந்திருக்கியா? ஒண்ணுக்கு வந்தா ஒருத்திய கூப்பிட்டு, அவ வார வரைக்கும் அடக்கிட்டுக் கெடந்திருக்கியா? அடக்க முடியாமப் போயி, அவ வந்து துடைக்கையில சுவரைப் பாத்துத் திரும்பிக் கெடந்திருக்கியா? எனக்குப் பயமா இருக்குட்டி. நான் நல்லவ இல்ல, போ."

அழுதாள். அழுதுகொண்டே நடந்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, அந்த ஆத்திரத்திலும்.

சித்திரை வெயில் கொளுத்துகிற ஒரு காலை, வயலிலிருந்து ஒருத்தன் கத்திக்கொண்டே வந்தான், மூத்தவளுக்குச் சின்ன இலை வந்துவிட்டது என்று. குலை வருவதற்கு முன்னால் உச்சியில் சின்னதாக ஒரு இலை நிமிர்ந்து நிற்கும், அது வந்தால் பின்னாலேயே பூ வரும், இவளுக்கு அதெல்லாம் மணிக்கணக்குதான். பெண்கள் மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், குலவைச் சத்தம் கேட்டது. அதே நேரத்தில் பிரம்மசக்திக்கு வலி எடுத்துவிட்டது, நாள் இன்னும் இருக்கிறது, ஆனால் எடுத்துவிட்டது. 108-க்கு போன் போட்டேன், வண்டி கிளம்பிவிட்டது, வழியில் ரயில்வே கேட் அடைத்திருக்கிறது என்றார்கள். அவளைக் கட்டிலில் படுக்கவைத்து நாடி பிடித்தால் விரலுக்குச் சிக்கவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தால் காகிதம் மாதிரி வெள்ளை. பனிக்குடம் உடைந்து விரிப்பு நனைந்தது, நனைந்த இடமெல்லாம் என் கண் முன்னாலேயே பழுப்பேறியது.

அன்னபாக்கியம் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "குலை முழுசா வெளிய வந்துட்டா இவ என்ன ஆவா?"

"ரெண்டு உசிரும் இருக்காது," என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

பிரம்மசக்தி அந்த நிலைமையிலும் கண்ணைத் திறந்து, "அத்தை, நீங்க உக்காருங்க, ரொம்ப நேரமா நிக்கிய," என்றாள். அதைத்தான் சொன்னாள், சத்தியமாக. அன்னபாக்கியம் உட்காரவில்லை. கூரை ஓரத்தில் சொருகியிருந்த அரிவாளை உருவுகிற சத்தம் எனக்குக் கேட்டது, அப்புறம் அவள் நடந்து போகிற சத்தம் கேட்டது.

வயலில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள், சேர்த்து வைத்துச் சொல்கிறேன். அவள் தெருவின் நடுவில், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, அரிவாளை மறைக்காமல், வேகமாக நடந்தாளாம். குலவை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்களாம். பூவின் சிவப்பு நுனி உச்சியில் தெரிய ஆரம்பித்துவிட்டது. தவசிக்கனி ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு வரப்பில் குறுக்கே நின்றார்.

"மைனி, வேண்டாம். அரிவாளைக் கீழ போடுங்க."

"யாருல நீ?" என்றாள் அன்னபாக்கியம்.

"மைனி..."

"இவ யாரு? என் மூத்த மருமவ. நீங்கதானல சொன்னிய, ஊரு பூராவும் சொன்னிய. எம் மவன் தாலி கட்டுனவ, என் வீட்டுச் சோறு தின்னவ. அங்க வீட்டுல கெடக்கது என் இளைய மருமவ. ரெண்டு மருமவளுக்கு இடையில வழக்குன்னா, மாமியாக்காரி உசிரோட இருக்கையில, தீர்ப்புச் சொல்ல நீ யாருல? தள்ளு."

மூத்தவள் என்று பேர் வைத்தது ஊர்க்காரர்கள், சேலை சுற்றிக் கும்பிட்டது அவர்கள். மருமகளைக் கண்டிக்கிற மாமியாரைத் தடுக்கிற வழக்கம் தென்மடையில் எந்தக் காலத்தில் இருந்தது? காவல்காரர்கள் ஒதுங்கினார்கள். அந்த நீலம் பாரிக்கிற பிள்ளையின் தாய், மகளைத் தோளில் அமுக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

தவசிக்கனி கடைசியாக ஒன்று சொன்னார். "வெட்டினா உங்க காலு போயிரும் மைனி. மறுபடியும் கட்டிலுதான்."

"தெரியும்ல," என்றாள் அவள்.

மரத்துக்கிட்டே போய், சுற்றியிருந்த சேலையை அவிழ்த்து மடித்து வரப்பில் வைத்தாள். மஞ்சக்கயிற்றைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். பட்டையைத் தடவிப் பார்த்தாள், கை உள்ளே அமுங்கியது, அவ்வளவு வெறுமையாக இருந்தது. "போதும்மா," என்றாள். "பெத்தது போதும். எங்களை நல்லா வெச்சிருந்த. போ, போயி படு." ஒரே வெட்டு. வாழைக்கு அதற்கு மேல் தேவையில்லை. மரம் சாய்ந்தது, வெட்டுவாயிலிருந்து தண்ணீர் வந்தது என்று சிலரும் ரத்தம் வந்தது என்று சிலரும் சொன்னார்கள், அந்த ஒன்றில்தான் இன்றைக்கு வரைக்கும் ஊரில் ஒத்துப்போகவில்லை. மரம் விழுந்ததும் அன்னபாக்கியமும் அதன் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்தாள். அன்றைக்கும் மடையடைக்கப் போயிருந்த ஐகோர்ட்துரை வாய்க்காலுக்குள்ளிருந்து எழுந்து ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டு "ஏ மூத்தவளே" என்று கத்தினான். ஒரு பெண் ஒப்பாரியைத் தொடங்கினாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள், ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்டது.

எனக்கும் அது கேட்டது. கேட்ட அந்த நேரத்தில் பிரம்மசக்தி ஒரு மூச்சை இழுத்தாள், இழுத்தவள் என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு எலும்பு நொறுங்கியது. அந்தப் பிடியில் தெம்பு இருந்தது. நாடி விரலில் முட்டியது. முக்குட்டி என்றேன், முக்கினாள், பெண் பிள்ளை, என் கை நிறைய ரத்தத்தோடு, நல்ல சிவப்பு ரத்தத்தோடு வந்து விழுந்து வீல் என்று கத்தியது. என் சர்வீஸில் நான் பார்த்த ரத்தத்துக்கு அளவில்லை, அன்றைக்குத்தான் அதைப் பார்த்து அழுதேன்.

தொப்புள்கொடியைக் கட்டி, பிள்ளையைத் துடைத்துச் சுற்றி அவள் பக்கத்தில் வைக்கும்போது வாசலில் சத்தம். ஐகோர்ட்துரையும் தவசிக்கனியுமாக அன்னபாக்கியத்தை ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தவசிக்கனிக்கு அதற்குள் பழைய மூச்சிரைப்பு வந்துவிட்டது, விசில் அடிக்கிற மாதிரி இழுத்தது, ஆனாலும் சேரை விடவில்லை. அவள் கால் ரெண்டும் துணி மாதிரித் தொங்கின. சேலை நனைந்திருந்தது, வழியிலேயே ஒண்ணுக்குப் போயிருக்கிறாள், அதை மறைக்க அவள் மெனக்கெடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் சேரை இறக்கினார்கள்.

பிரம்மசக்தி தலையைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அத்தை," என்றாள். "உங்க காலு..."

"காலு கெடக்கு," என்றாள் அன்னபாக்கியம். "பிள்ளைக்குப் பாலைக் குடு, நான் பாக்கணும்."

பிரம்மசக்தி அழுதுகொண்டே பிள்ளையை மாரில் போட்டாள். மாமியார்க்காரி சேரில் உட்கார்ந்தபடி, அது மிடறு மிடறாகக் குடிப்பதை, 108 வண்டி வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.